பெரியபாளையம் வழியாக இரண்டு நடை

கும்மிடிப்பூண்டியில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் நான் கணக்குப் பிரிவின் தலைவன். தலைவன் என்றால், மேலே இருப்பவர்கள் முடிவெடுத்த பிறகு அதற்குக் காரணம் தேடித் தருபவன்.

எங்கள் முதலாளிக்குக் காக்களூரில் ஒரு லேத் கம்பெனியை வாங்க ஆசை வந்தது, சந்தை விலைக்கு மேல் பாதி விலை கூடுதலாகக் கொடுத்து. இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கூடுதலாகக் கொடுப்பதைவிட, இரண்டும் சேர்வதால் மிச்சமாவது அதிகமா? இல்லையென்றால், எங்கள் பங்குதாரர் பணத்தை எடுத்துக் காக்களூர்க்காரர்களுக்கு மொய் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

மும்பை ஆலோசகர்கள் எழுபது பக்கத்துக்கு மிச்சம் காட்டினார்கள். அத்தனையும் ஒரே வரியில் நின்றது: எங்கள் லாரி தினம் இரண்டு நடை காக்களூர் போய்வரும், வாடகை லாரியே வேண்டாம். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை ஏசி காரில் போய் நேரம் பார்த்திருந்தார்கள், மேதைகள்.

லாரி டிரைவரைக் கேட்டேன்.

“ஆடியில பெரியபாளையத்தம்மன் கோயில் கூட்டத்தத் தாண்டி ரெண்டு நடையா? இன்னா சார், லாரியிலயே கூழ் ஊத்தப் போறீங்களா? மத்த நாள்லயே லோடு எறக்க லைன்ல நின்னுக்கினு, ஒரு நடைக்கே தாவு தீந்துடுது.”

பிறகு தன் விஷயத்துக்கு வந்தார். கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்குகளை அவர் பத்திரமாக வைத்திருந்தார். “இத்த வாங்கினா நம்ம ஷேரு ஏறுமா சார்? இல்லாங்காட்டி வித்துட்டு ஊட்டுக்குத் தளம் போட்டுடறேன்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு நடை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். மொய்தான்.

முதலாளியிடம் சொன்னேன். “எப்பப் பாத்தாலும் ஏன்யா நெகடிவா பேசறே? இது ஸ்ட்ராட்டஜிக்” என்றார். கூட்டல் கழித்தல் கைவிட்ட இடத்தில் வந்து உட்காரும் சொல் அது. நாட்டில் நேர்மை செத்துவிட்டதென்று வீட்டில் தினமும் சொற்பொழிவாற்றும் நான், “அப்ப ரெண்டு நடைன்னே வெச்சிடலாம் சார்” என்றேன். இதை வாங்கினால் நம் பங்குக்கு மதிப்பு உருவாகும் என்று பங்குதாரர்களுக்குப் போன கடிதத்தில் கையெழுத்தும் போட்டேன். டிரைவருக்குப் பதில் சொல்ல மட்டும் நேரமே கிடைக்கவில்லை.

மதிப்பு உருவாகத்தான் செய்தது, பங்கை விற்றுவிட்டுப் போன காக்களூர்க்காரர்களுக்கு. எங்கள் பங்கு இறங்கிக்கொண்டே இருந்த ஒரு நாள், கேட்டருகே டிரைவர் எதிர்ப்பட்டார்.

“தளம் போட்டாச்சா?”

“எங்க சார்? லெட்டர்ல உங்க கையெழுத்தப் பாத்தேன். விக்காம வுட்டுட்டேன்.”

“வித்துடுங்க. இன்னைக்கே.”

சிரித்தார். “வாய்க்கு வந்தத சொல்லாதீங்க சார். எழுத்துல கொடுத்திருக்கீங்க இல்ல, அது போதும் எனக்கு.”