உயர்தரம் சித்தியடைந்த வெங்காயத் தோட்டங்கள்

தொண்ணூற்றெட்டில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கதை அடிபட்டது: கடற்கரைப் பக்க ஒழுங்கையில், மாடி அறையில் இருக்கும் நாகேந்திரம் கனடாவுக்கு ஆள் அனுப்புகிறார், ஒரு சதமும் வாங்குவதில்லை. அந்தக் கடைசிச் சேதிதான் என்னைப் பயமுறுத்தியது. விசாரிக்கப் போனேன்.

மாடிப்படியில் ஏழெட்டுப் பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜுகளில் வீசாவுக்குக் காத்திருப்பவர்கள். நாகேந்திரம் ஏஜென்ட் இல்லை, பொருளியலாளர். வெங்காயத் தோட்டக்காரரின் படிப்புக் கூடினால் விளைச்சலும் கூடுமா என்று பன்னிரண்டு வருடமாக ஆராய்பவர். சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதால் தோட்டங்களுக்குப் போக முடியவில்லை. இங்கே வந்த தோட்டக்காரரிடம் படிவம் நிரப்பினார். கூட வேலை செய்த மூவரும் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களுடைய கதிரைகளில் படிவக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன.

"இதைப் பாரும். நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாரும் உயர்தரம், ஏ.எல். பாஸ்!"

"சனம் முன்னேறியிட்டுது, சேர்," என்றேன்.

"பகிடி விடாதையும். இதைக் கனடாப் படிவம் எண்டு நினைக்கினம். படிப்புக் கூட எண்டால் புள்ளி கூடவாம். எல்லாருக்கும் ஒரே படிப்பெண்டால் நான் ஆரை ஆரோடை ஒப்பிடுறது? உண்மையை எழுதுங்கோ எண்டால், 'விளங்குது சேர்' எண்டு கண்ணடிக்கினம். பன்னிரண்டு வருசமும் தண்ணிக்கை போகப்போகுது."

அப்போது அறுபது வயதுப் பெண் ஒருவர் உள்ளே வந்தார். உரும்பிராய் சிவக்கொழுந்து.

"மூண்டாம் வகுப்பு, தம்பி. அதுவும் முழுசா இல்லை."

நாகேந்திரத்தின் பேனா நின்றது. "உண்மையாவோ அக்கா?"

"லண்டன்காரன் மூண்டாந்தரமும் வீசா இல்லையெண்டிட்டான். நாளைக்குத் திருகோணமலையிலை கப்பலேறி ஊருக்குப் போறன். இனி ஆருக்குப் பொய்?"

ஆறு பரப்புக் காணி, போகத்துக்கு எத்தனை அந்தர் வெங்காயம், எல்லாம் சொன்னார். எழும்பும்போது கேட்டார்: "ஏழாம் வகுப்பு மட்டும் படிச்சிருந்தால் எனக்கு எவ்வளவு கூட விளைஞ்சிருக்கும்?"

"கணக்குப் பாத்துக் கடிதம் போடுறன், அக்கா."

இரண்டு வருடம் கழித்துப் போனபோது மாடிப்படியில் யாரும் இல்லை. கனடா போக இது வழியில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. மேசையில் உரும்பிராய் விலாசமெழுதி, முத்திரை ஒட்டிய வெற்று உறை. கடிதம் எங்கே என்றேன்.

"ஒப்பிட ஏழாம் வகுப்புப் படிச்ச ஒருத்தர் வேணும்," என்றார். "உமக்கு ஆரையும் தெரியுமோ?"