வீட்டுக்குள் விழவைத்த கால்

என் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேர். நான் அந்தக் கட்சியில் இல்லை. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவள் அவள். சாலையில் பின்னால் வந்த ஒரு லாரி அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனபோது, அவள் குழந்தை இன்னும் குப்புற விழக்கூட இல்லை.

செயற்கைக் கால் வந்தது. பொருத்துகிற மையத்தில் ஷூ போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள், போட்டுக்கொண்டு போனாள். பெரிய கண்ணாடி வைத்த அறையில், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஜம்மென்று நடந்தாள். டெக்னீஷியனுக்கு வாயெல்லாம் பல். வீட்டில்தான் வந்தது வினை. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் தடுமாறினாள். ஒரு நாள் அடுப்படியில் மல்லாக்க விழுந்தாள். நல்லவேளை, இடுப்பில் குழந்தை இல்லை.

அன்றோடு சரி, அவள் மாமியார் குழந்தையை அவளிடம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார். அக்கா தூக்கக் குனிந்தால் போதும், எங்கிருந்தோ ஓடிவந்து தூக்கிக்கொள்வார். "முதல்ல உனக்கு நடை தேறட்டும்மா. பிள்ளை எங்க ஓடிப்போகப் போகுது?" என்பார். அந்தத் தேன் தடவிய பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தானோ தன் அம்மா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்.

மையத்துக்கு நடையாய் நடந்தோம்.

"வீட்ல நடந்தா யாரோ முட்டியைப் பிடிச்சுப் பின்னால தள்ற மாதிரி இருக்கு சார்."

டெக்னீஷியன் நடந்துகாட்டச் சொல்வார். ஷூவோடு நடந்துகாட்டுவாள். ஒரு குறையும் தெரியாது.

"கால்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் பயம்தான். நல்லா நடந்து பழகுங்க."

ஒருநாள் அக்கா வெடித்துவிட்டாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன உங்க கண்ணாடி ரூம்லயா குடித்தனம் பண்றேன்? வீட்டுக்கு வந்து பாருங்க சார்!"

வந்தார். வாசலில் தன் ஷூவைக் கழற்றினார். பக்கத்தில் அக்காவும் கழற்றினாள். அவர் கண் அவள் ஷூவின் குதியில் போய் நின்றது.

"வீட்டுக்குள்ள வெறுங்காலோடதான் நடப்பீங்களா?"

"பின்னே?"

மனிதருக்கு முகம் செத்துப்போயிற்று. ஷூவின் குதி உயரத்துக்குத் தக்கபடி பாதத்தை அமைத்திருக்கிறார். ஷூவைக் கழற்றினால் குதி தாழ்ந்து, அந்தக் கால் ஆளைப் பின்பக்கம் சாய்க்கும்.

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும்மா."

"நீங்க ஒரு தடவை கேட்டிருக்கலாமே?" என்றேன் நான். தன் வீட்டில் அவரும்தானே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்? அத்தனை தடவை போனோம், பயம் பயம் என்று சொல்லி அனுப்பினாரே தவிர, வீட்டில் எப்படி நடக்கிறாய் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

கணுக்கால் திருகாணிகளைத் தளர்த்தி, வெறுங்காலுக்குத் தக்கபடி பாதத்தைத் திருத்தினார். வெளியே போக இனித் தட்டையான செருப்புதான் என்றார். அக்கா எழுந்து கூடத்தின் குறுக்கே நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். சாயவில்லை. நேராக மாமியாரிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

குழந்தை வீறிட்டது. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்துக் கையை நீட்டியது. பெற்றவள் அதற்கு யாரோ ஆகிப்போயிருந்தாள்.

"குடும்மா, பாவம், பயப்படுது," என்று மாமியார் கையை நீட்டினார்.

"கையை எடுங்க அத்தை." அக்காவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிடியை மட்டும் தளர்த்தவில்லை. "அழட்டும். இனிமே என்கிட்டயே அழட்டும்."