வளைந்த வேர்

மாதுங்காவில் பெரிய டாக்டரின் பல் கிளினிக்கில் நானும் இன்னொருவனும் ஜூனியர்கள். செம்பூரில் அவர் திறக்கப்போகும் புதிய கிளினிக்கை எங்களில் ஒருவரிடம் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டும். அவனுக்கும் வேண்டும். ஆனால் அவன் அதற்காகக் கவலைப்பட்ட மாதிரியே தெரியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவனுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து பாய் ஒருவர், கடைவாய்ப் பல் வலியோடு முதலில் என்னிடம்தான் வந்தார். எக்ஸ்ரேயில் வேர் கொக்கிபோல் வளைந்திருந்தது. அப்படிப்பட்ட வேருக்குள் ஃபைலை, உள்ளே அழுகியதைச் சுரண்டி எடுக்கும் அந்த மெல்லிய எஃகு அரத்தை, நேராக விடக்கூடாது. நுனியை வேரின் போக்குக்கு ஏற்ப முன்பே வளைத்துக்கொண்டு, அவசரப்படாமல் இறக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். பாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"இந்த டாக்டர் பல்லு பாக்காரா, பூட்டு தொறக்காரா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஃபைல்கள் வெளிநாட்டுச் சரக்கு, சுலபத்தில் கிடைக்காது. வளைந்ததை நிமிர்த்தி, கொதிக்க வைத்து, மறுபடி பயன்படுத்துவதுதான் எங்கள் வழக்கம். நான் வளைத்து வைத்திருந்ததை அவன் நிமிர்த்தி, நேராக உள்ளே விட்டான். வளைவில் அது திரும்பாமல் வேரின் சுவரைக் குடைந்து படி வெட்டியது. அவன் இன்னும் அழுத்தினான். நுனி உள்ளேயே முறிந்தது. உடனே பாயிடம் அதைச் சொல்லியும்விட்டான்.

எக்ஸ்ரேயில் அந்தத் துண்டைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! செம்பூர் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் பாரேன்" என்றார். புது ஃபைலின் நுனியை வளைத்து, தடவித் தடவி, முறிந்த துண்டின் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்தேன். விரல்கள் மரத்துப்போயின. பல் பிழைத்தது.

பாய் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தார். என்னைத் தாண்டிப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊசி உடைஞ்சத நீங்க மறைச்சிருந்தா எனக்கு என்ன தெரியப்போவுது? என் தப்புதான்னு சொன்னியளே, அந்த மனசு யாருக்கு வரும்? இனி எங்க வீட்டுல எல்லாருக்கும் நீங்கதான் டாக்டர்."

பெரிய டாக்டரும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். செம்பூருக்கு அவன்தான் போனான். எதையும் உடைக்காதவன் எதை ஒப்புக்கொண்டு நல்ல பேர் வாங்குவது?