பிச்சாட்டூர் கோதண்டனும் எங்கள் சாக்பீஸ் கொட்டகையும்

செவ்வாய்க்கிழமை காலை நாயுடுபேட்டையில் என் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்த நாராயண ரெட்டி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கோதண்டம் லேடுரா" என்றான். நான் விழித்ததைப் பார்த்துத் தமிழில் மறுபடி சொன்னான்: "இல்லடா. நேத்து கரண்ட் அடிச்சிடுச்சி."

கோதண்டன் பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்கப் போயிருக்கிறான். வயது இருபத்தாறு. மோட்டாரைப் பிரித்துப் பூட்ட எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். பொய் சொல்லாதே என்று ரெட்டியின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். பிச்சாட்டூருக்குக் கிளம்பு என்றான் அவன். அப்போதும் நான் நம்பவில்லை. இதை எழுதும்போதும் முழுதாக நம்பியிருக்கிறேனா, தெரியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் திருப்பதிக் கல்லூரி விடுதியில் எங்களோடு இருந்தவர்கள். விடுதிக்குப் பின்னால் சும்மா கிடந்த சைக்கிள் கொட்டகையை வார்டனிடம் கேட்டு வாங்கியவன் கோதண்டன். சர்க்கார் வேலைக்கு மனுப் போடுவதைத் தவிர வேறொன்றும் தோன்றாத எங்களை வியாழக்கிழமைதோறும் அங்கே கூட்டினான். "வெறுங்கையோட வராத. ஏதாவது செஞ்சி எடுத்துக்கினு வா" என்பது ஒன்றே விதி. மை வந்தது. சோப்பு வந்தது, அது நுரைக்கவே இல்லை. நாங்கள் சிரித்தோம். அவன் ஒரு வாரம் அந்தச் சோப்பிலேயே துணி துவைத்துவிட்டு, செய்தவனிடம் சொன்னான்: "அழுக்கு போவுது. நொரதான் வரல. பாதி ஜெயிச்சிட்ட."

கடைசியில் நிலைத்தது சாக்பீஸ். ரெட்டி ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து மர அச்சுகளைக் குடைந்தான். சித்தூர் வரை பள்ளிக்கூடங்கள் எங்களிடம் வாங்கின.

அப்போதுதான் எல்லைத் தகராறு விடுதிக்குள் நுழைந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்கு என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே சண்டை. ஒருநாள் ரெட்டி, "சத்தியவேடு மாதி" என்றான், எங்களுடையது என்று. என் ஊர் அதை அடுத்த வரதய்யபாளையம். எழுந்துபோய், அவன் குடைந்த அச்சுகளை ஒவ்வொன்றாகக் கல்லில் அடித்து உடைத்தேன்.

யார் உடைத்தது என்று மறுநாள் விடுதியே கொதித்தது. சாயங்காலம் கோதண்டன் என் அறை வாசலில் நின்றான்.

"நீ ஒடச்சிக்கினு இருந்தத பாத்தேன்."

"அப்ப ஏன் தடுக்கல?"

"தடுத்தா என்னையும் அடிச்சிருப்ப. அப்புறம் நாம பேசிக்கவே முடியாது." உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "ரெட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு" என்றான்.

மூன்று நாள் எனக்கு வாய் வரவில்லை. அந்த மூன்று நாளும் அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். நான்காம் நாள் சொன்னேன். ரெட்டி கன்னத்தில் அறைந்தான். கோதண்டன் இருவர் கையிலும் ஆளுக்கொரு உளியைக் கொடுத்தான். "ஊரு எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடம் இருக்கும். உக்காருங்க" என்றான். உட்கார்ந்தோம். புது அச்சுகளைக் குடைய ஆரம்பித்தோம்.

பிறகு எல்லை முடிவானது. என் ஊர் ஆந்திராவில் சேர்ந்தது. நான் எதிர்த்து நின்ற முடிவு அது. ஆனால் இந்தச் செவ்வாய்க்கிழமை பிச்சாட்டூர் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டு வந்தவன் ரெட்டி.

வீட்டில் கோதண்டனின் நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "சாப்பாட்டுக்கு வந்துடறேன்னுதானே போனான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"ரெட்டி கூட உக்காந்து அச்சு செஞ்ச புள்ள நீதானா? சொல்லிக்கினே இருப்பான்பா."

உடைத்ததைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ரெட்டி என்னைப் பார்த்தான், அவனும் சொல்லவில்லை.

"ஆமாங்க, நான்தான்" என்றேன். கோதண்டன் எனக்கென்று விட்டுப்போன அந்த நல்ல பேரை நான் வைத்துக்கொள்கிறேன்.