சங்கிலி கட்டிக் குளத்தில் இறங்கிய வண்டி

என் தம்பிக்கு ஊரில் 'சங்கிலி' என்று பட்டப்பெயர். டீக்கடையில் அவன் தலை தெரிந்தால் யாராவது ஒருவன், "ஏலே, சங்கிலி வாராரு, பெஞ்சைத் தள்ளிப் போடு" என்பான். அந்தப் பெயர் நியாயமாக எனக்கு வந்திருக்க வேண்டும். எப்படி அவனுக்குப் போனது என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வீடு டவுனில். சொந்த ஊர் அகரம் தாண்டி உள்ளே போக வேண்டும். தம்பி அங்கேயே தோட்டத்தில் வீடு கட்டி இருந்துகொண்டு தென்னையும் காய்கறியும் பார்க்கிறான். தேங்காய் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேர் கோயிலுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் எங்களைப் போல சர்ச்சுக்குப் போகிறவர்கள். குளம் இரண்டு பேருக்கும் பொது.

பங்குனியில் குளம் வற்றி, மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மீனெல்லாம் அங்கே ஒதுங்கிவிடும். ஊர் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும். அதுவரை குளத்தில் ஒருவரும் கை வைக்கக் கூடாது. அன்று காலையில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் சனம் மொத்தமும் ஊத்தாவோடு இறங்கும். ஊத்தா என்பது அடி திறந்த மூங்கில் கூடை. தண்ணீரில் சட்டென்று கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கை விட்டு உள்ளே மாட்டிய மீனை எடுப்பார்கள். வலை கிடையாது. பிடித்ததை விற்கக் கூடாது. எல்லார் வீட்டிலும் அன்றைக்கு ஒரே குழம்பு. எங்கள் ஊரில் ஊத்தா போடுவதில் என் தம்பிக்கு மிஞ்சின ஆள் இல்லை. அவன் இறங்குகிற பக்கம் பார்த்துத்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். வருடத்தில் அந்த ஒரு காலைதான் அவனை ஊர் தலை நிமிர்ந்து பார்க்கிற காலை.

என் மகன் கனடாவில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் குளிர்காலத்தில் ஒரு வீடியோ அனுப்பினான். ஏரி உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடக்கிறது. அதன் மேல் அவன் நண்பனுடைய பிக்கப் வண்டி ஓடுகிறது. சக்கரம் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி. நடு ஏரியில் வண்டியை நிறுத்திப் பனியில் ஓட்டை போட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மீன் பிடிக்கிறார்கள். போனில், "நம்ம ஊர்ல மாதிரி சேத்துல விழுந்து பொரள வேண்டியதில்லப்பா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது. ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தான். அவன் வந்து இறங்குகிற அன்று நல்ல விரால் மீன் போட்டு, "இதை நானும் வண்டியில் போய்த்தான் பிடித்தேன்" என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. முழங்கால் வலி, சேற்றில் இறங்க முடியாது என்பதெல்லாம் தம்பிக்குச் சொன்ன சாக்கு. காரணம் இவ்வளவு அற்பமானது.

மகன் வருகிற நாள் மீன்பிடிக்கு முந்தின சனிக்கிழமையாக அமைந்தது. அன்று காலையிலேயே பழைய இரும்புக் கடையில் சங்கிலி வாங்கிக்கொண்டு தம்பி தோட்டத்துக்குப் போனேன். சங்கிலியைப் பின் டயர்களில் சுற்றி, ரிம்மின் ஓட்டைகள் வழியாக இழுத்து முடிச்சிட்டோம். முனையை மாட்டச் சரியான கொக்கி இல்லை. அதற்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன். பையிலிருந்து நான்கு பூட்டுகளை எடுத்தேன்.

"என்னண்ணே, பூட்டு? வண்டிய எவனும் களவாண்டுட்டுப் போயிராம இருக்கவா?"

"கொக்கின்னா தெறிச்சிரும்டா. இது திண்டுக்கல் பூட்டு. யானை இழுத்தாலும் வராது."

"டயருக்குப் பூட்டுப் போட்ட மொத ஆளு ஒலகத்துலயே நீங்கதேன்."

சிரித்துக்கொண்டே பூட்டினான். அப்பா போன பிறகு அவன் என் சொல்லைத் தட்டியதே இல்லை. அவன் மனைவிதான் வாசலில் நின்றுகொண்டு, "அத்தான், நாளைக்கு ஊரே எறங்குது. ஒரு நா பொறுக்க மாட்டீகளா?" என்றாள். "செத்த நேர வேலைம்மா" என்றேன். அவள் தன் புருஷனைப் பார்த்தாள். அவன் டயரைப் பார்த்தான்.

உச்சி வெயிலில், ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்தில், வண்டியைக் குளத்துக்குள் இறக்கினோம். வெடித்துக் காய்ந்த தரையில் வண்டி ஜம்மென்று ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போனை எடுத்து வீடியோகூட எடுத்தேன். பள்ளத்தை நெருங்கியதும் மேல் ஓடு உடைந்து பின் சக்கரம் புதைந்தது. தம்பி கியரைப் போட்டு மிதித்தான். சங்கிலி மண்ணைப் பிடிப்பதற்குப் பதில் மண்வெட்டி மாதிரி வெட்டித் தள்ளியது. கறுப்புச் சேறு பீறிட்டு அடித்துப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. அழுகின இலையும் சாணியும் செத்த நத்தையும் சேர்ந்த ஒரு நாற்றம் எழுந்தது. என் சட்டையில், கண்ணாடியில், உதட்டில் அது ஒட்டியது. "மிதி, மிதி" என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். கலங்கிய தண்ணீரில் மீன்கள் வாயைப் பிளந்து மேலே வந்தன. அதைப் பார்த்ததும் வண்டியை மறந்துவிட்டு, ஒளித்துக் கொண்டுபோயிருந்த வலையைத் தம்பியை வீசச் சொன்னேன். எட்டாத மீன்களெல்லாம் கைக்கு எட்டின. நாலைந்து நல்ல விரால்கள் சாக்குக்குள் போயின. செவுள்களில் சேறு அப்பியிருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். எத்தனை வருடம் கரும்பலகையில் செவுளைப் படம் போட்டுக் காட்டியவன் நான்.

தென்னை மட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஒரு வழியாக வண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். சங்கிலியைக் கழற்றப் பார்த்தால் பூட்டின் துவாரம் முழுக்கச் சேறு. சாவி நுழையவில்லை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். எண்ணெய் விட்டுப் பார்த்தான். சாவி ஒன்று உள்ளேயே முறிந்தது.

"விடுங்கண்ணே. காலைல ரம்பம் வாங்கி அறுத்துக்கிறேன். பிள்ளை வந்துருவான், நீங்க கெளம்புங்க."

நான் கிளம்பினேன். மீன் சாக்கை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, சங்கிலி கட்டிய வண்டியை அவன் வாசலில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அன்று வீட்டில் மகனும் மருமகளும் பேத்தியும் ருசித்துச் சாப்பிட்டார்கள். ஆனால் எந்தக் குளத்து மீன், எப்படிப் பிடித்தது என்று சொல்ல வாய் வரவில்லை. வீடியோவையும் காட்டவில்லை. மார்க்கெட்டில் வாங்கியதாகச் சொன்னேன்.

மறுநாள் மகனைக் கூட்டிக்கொண்டு மீன்பிடி பார்க்கப் போனேன். கரைக்கு வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. பள்ளம் முழுக்க வெள்ளை வயிறு. கெண்டை, கெளுத்தி, ஜிலேபி, எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஈ மொய்த்தது. காக்கைகள் கண்ணை மட்டும் கொத்திவிட்டு மிச்சத்தை விட்டுப் போயின. கரை நெடுக ஊத்தாவோடு சனம் நின்றது. ஊர்ப் பெரியவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"சார், நீங்க இதையே படிச்சுப் பாடஞ் சொன்னவக. ஒரே ராத்திரில இம்புட்டு மீனும் எப்பிடிச் சாகும்?"

சொன்னேன். வகுப்பில் பேசுகிற அதே குரலில், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். அடிச்சேறு கலங்கினால் செவுள் அடைத்துக்கொள்ளும், தண்ணீரில் உயிர்வளி குறைந்துவிடும், மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றேன். பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டார்.

"அப்ப எவனோ கலக்கியிருக்கான்."

"அப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

காய்ந்த தரையில் சங்கிலி பதிந்த தடம் நேராக என் தம்பியின் தோட்டத்துக்குப் போனது. இளவட்டங்கள் அதன் மேலேயே நடந்து போய்ப் பார்த்தார்கள். வாசலில் வண்டி நின்றது. தம்பி கீழே உட்கார்ந்து ரம்பத்தால் பூட்டை அறுத்துக்கொண்டிருந்தானாம். அவனைக் கரைக்குக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் இரும்புத்தூள்.

"யாருப்பா செஞ்சது?"

தம்பி கூட்டத்தில் என்னைப் பார்த்தான். என் பக்கத்தில் நின்ற மகனையும் பார்த்தான். பிறகு பெரியவரிடம், "நாந்தேன். புத்தி கெட்டுப் போச்சு" என்றான்.

அடுத்த மீன்பிடிக்கு அவன் வீட்டு ஊத்தா குளத்தில் இறங்கக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. ஒரு கிழவி அவன் காலடியில் காறித் துப்பினாள். செத்த மீனையெல்லாம் அவனே அள்ளிப் புதைக்க வேண்டும் என்றார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான்.

"சித்தப்பாவாப்பா இப்படி?" என்று மகன் கேட்டான்.

"அவன் அப்படித்தான்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை என் வாய்தான் சொன்னது. மீனைக் கொன்றதைக்கூட ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு எந்தப் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், சர்ச் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், ஜெபம் மறந்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சாமியாருக்கு முன் முழங்காலிட்டிருந்தபோதும் என் விரல்களில் அந்த வாடை இருப்பதாக ஒரு நினைப்பு. சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்து பார்ப்பேன். பிறகு மீண்டும் கழுவுவேன்.

அடுத்த இரண்டு பங்குனியிலும் குளம் வற்றவில்லை. இந்த வருடம் வற்றியது. மீன்பிடிக்கு நாள் குறிக்கக் கூட்டம் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊர் கூடுகிற மந்தைத் திடலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஓரமாக நின்றான். எழுந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். மீன் எப்படிச் செத்தது என்று பெரியவருக்கு விளக்கியதையும் சொன்னேன். மகனிடம் சொன்ன வார்த்தையையும் விடவில்லை. சொல்லி முடித்தால் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தம்பிகாரர் எறங்கட்டும். நீங்க கரையோட நில்லுங்க சார்" என்றார். அந்த 'சார்' இந்த முறை வேறு மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்ததும் தம்பி என்னிடம் வந்தான். நான் என்னவோ எதிர்பார்த்தேன்.

"யார் ஒங்களச் சொல்லச் சொன்னது? ஒங்க மானம் போகக் கூடாதுன்னு மூணு வருசம் நான் தூக்கிச் சொமந்தேன். இன்னைக்கு ஊருக்கு முன்னால என்னையப் பொய்யனாக்கிட்டீக. அன்னைக்கே சொல்லியிருந்தா அது வேற. இப்பச் சொன்னது ஒங்களுக்காகத்தேன், எனக்காக இல்ல."

அவன் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை துண்டு வீசினார்கள். தம்பி முதலில் இறங்கவில்லை. அவன் மனைவி ஊத்தாவைக் கையில் திணித்த பிறகுதான் இறங்கினான். அவன் போன பக்கம் ஒருத்தரும் போகவில்லை. செத்த நேரம் கழித்து ஒரு சிறுமி போனாள், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் நிறையப் பேர்.

இறங்க முடியாமல் கரையில் நிற்கிற வயசாளிகளுக்கு, மேலே ஏறி வருகிறவர்கள் ஆளுக்கொரு மீன் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். தம்பி சேறு சொட்ட ஏறி வந்தான். எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவிக்கு ஒரு விரால் கொடுத்தான். அந்தப் பக்கத்துத் தாத்தாவுக்கு ஒரு கெளுத்தி. நடுவில் நான் கையை நீட்டியிருந்தேன். எப்போது நீட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.