குறுக்கே யாரும் பேசாத இடம்

ஜெபம் பண்ணுகிறவன் பயந்தாங்கொள்ளி என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். சொன்னவர்கள் யாரும் வன்னியம்பட்டி ஏசம்மாளைப் பார்த்ததில்லை.

ராஜபாளையம் ரோட்டில் இருந்த, பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஒரு ஜின்னிங் பேக்டரியில் பருத்தி சுமக்கிற கூலிக்காரி அவள். புருஷன் காய்ச்சலில் போய் ஒன்பது வருஷம். மகள் செல்லத்தாய்க்குப் பதினேழு வயது. அதே பேக்டரியில் அரவை மிஷின் பக்கம் வேலை. ஊரில் ஓலைக்கூரை போட்ட வேதக்கோயில் ஒன்று இருந்தது. அந்தச் சபைக்கு மூப்பர் தேவநேசன். பேக்டரியில் மேஸ்திரியும் அவரேதான். ஆறு நாள் பெண்களை வைத வாய் ஏழாம் நாள் வேதம் வாசிக்கும்.

முப்பத்தெட்டாம் வருஷம், பருத்தி மலையாகக் குவிந்து கிடந்த பங்குனி மாதம். மிஷினில் பெல்ட் ஓடுகிற இடத்தை மூடி ஒரு தகரம் இருக்கும். பஞ்சு அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் பண்ணிவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். நேரம் வீணாகிறது என்று தேவநேசன் தகரத்தைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார். நாலாம் நாள் செல்லத்தாயின் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

வேலை நேரத்தில் தூங்கினாள், அதனால் வந்த வினை என்று தேவநேசன் மானேஜரிடம் சொல்லி அவளை வேலையை விட்டு நிறுத்தியும் விட்டார். ஷெட்டில் உட்கார்ந்து பருத்தியில் தூசி பொறுக்குகிற வேலை ஒன்று உண்டு. ஒரு கையும் இரண்டு விரலும் அதற்குப் போதும். அதைத்தான் ஏசம்மாள் மகளுக்குக் கேட்டாள். கேட்டில் நின்று கேட்டாள், வீடு தேடிப் போய்க் கேட்டாள். அவள் வாயைத் திறந்ததுமே, எல்லாம் ஆண்டவர் சித்தம், போய் ஜெபம் பண்ணு என்று தேவநேசன் முடித்துவிடுவார். மானேஜர் அறைப் பக்கம் கூலிக்காரி போக முடியாது. தகரத்தைக் கழற்றியதைக் கண்ணால் பார்த்த பெண்கள் அவளைக் கண்டால் குனிந்துகொண்டார்கள்.

ஒரு மாதம் ஜெபம் பண்ணினாள். முதலில் விரலுக்காக, பிறகு வேலைக்காக, பிறகு எதையும் கேட்காமல் வெறுமனே அழுதாள். ஒருநாள் ஆண்டவர் சித்தம் என்று அவள் வாயே முணுமுணுத்தது. அந்த வார்த்தை தேவநேசன் குரலில் கேட்டது. அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

கூட வேலை பார்க்கிற குருவம்மாள் அய்யனார் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, வாங்க மாட்டாள் என்று தெரிந்தே அவளிடம் திருநீறை நீட்டினாள்.

"ஏட்டி, எங் கொழுந்தன் பண்ணுன அநியாயத்த அங்க வச்சுத்தான் கிழிச்சேன். சாமி வந்து ஆடுறவ வாய எவன் பொத்துவான்? அம்புட்டையும் கொட்டிட்டுத்தான் மலையேறுச்சு."

"நெசமாவே சாமியா?"

"பாதி சாமி, பாதி நானு. ஒங்க கோயில்ல அப்படி ஒண்ணும் கெடையாதாக்கும்?"

"ஆட்டமெல்லாம் கெடையாது. கண்ண மூடி முழங்கால்ல நிப்போம். ஒராளு ஜெபம் பண்ணயில மத்தவிய குறுக்க பேசக் கூடாது." சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பொறவு என்னட்டி?" என்று குருவம்மாள் சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு சாயந்தரம் ஜெபக்கூட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உபதேசியார் வில்சன் ஆரம்பித்து வைத்தார். பிறகு விரும்பியவர்கள் சத்தமாக ஜெபிக்கலாம். ஏசம்மாள் ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, எம்மவளுக்கு வெரலத் திருப்பித் தாருமின்னு கேக்கல. ஒம்ம சித்தமின்னு சொல்லுதாவ. தகரத்தக் கழட்டுனது நீரு இல்ல. ஸ்பானர் யாரு கையில இருந்துச்சுன்னு ஒமக்குத் தெரியும்."

"ஆமென்," என்று உரக்கச் சொன்னார் தேவநேசன். ஜெபத்தை நிறுத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பழக்க தோஷத்தில் ஆண்கள் பக்கம் நாலைந்து பேர் கூடவே ஆமென் போட்டார்கள். ஸ்பானர் சங்கதிக்குத்தான் அந்த ஆமென் போய்ச் சேர்ந்தது.

ஏசம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னும் முடியல ஆண்டவரே. மூப்பருக்கு அவசரம், நீரு இரியும். எம்மவ தூங்கல. ஞானரத்தினம் பாத்தா, வெள்ளைத்தாய் பாத்தா. பயத்துல வாயத் தொறக்காம இருக்காவ, அவியள மன்னியும். தகரம் இன்னைக்கும் மூலையிலதான் கெடக்கு. நாளைக்கு யாரு வெரலுன்னு அவிய யோசிக்கட்டும். ஏசு நாமத்தில கேக்கேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து ஞானரத்தினம் ஆமென் என்றாள், அழுதுகொண்டே. பிறகு வெள்ளைத்தாய். பிறகு அந்தப் பக்கம் பூராவும்.

திங்கட்கிழமை பெண்கள் கேட்டுக்குள் போகவில்லை. இது குருவம்மாளுக்கு எப்படியோ முதலிலேயே தெரிந்திருந்தது. அவள் தன் பங்குக்குப் பத்துப் பேரோடு வந்து நின்றாள். பருத்தி குவிந்து கிடக்கிற நேரம் என்பதால் மானேஜரே வெளியே வந்தார். யார் தூண்டிவிட்டது என்று கேட்டார்.

"கோயில்ல ஆமென் சொல்லிட்டோமய்யா. இங்க வந்து மாத்திச் சொல்ல முடியாது," என்ற ஞானரத்தினம், தகரம் கழற்றியதையும் செல்லத்தாய் முழித்திருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் தகரத்தை மாட்டினார்கள். புதன்கிழமை செல்லத்தாய் பொறுக்குகிற ஷெட்டில் உட்கார்ந்தாள். போன விரலுக்கு ஒரு பயலும் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி மேஸ்திரியாகவே இருந்தார்.

சபை மட்டும் சும்மா இருக்குமா? பெண்கள் இனிமேல் மனசுக்குள் ஜெபித்தால் போதும், சத்தமாக ஜெபிப்பது உபதேசியார் மட்டும்தான் என்று தீர்மானம் போட்டார்கள். ஆறு ஆண்கள் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்த காரியம்.

ஏசம்மாள் சண்டைக்குப் போகவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் உதட்டை மூடிக்கொண்டு முழங்கால் போட்டாள். தினம் சாயந்தரம் தன் வீட்டுக் கதவை விரியத் திறந்துவைத்து, தெருவைப் பார்த்து முழங்கால் போட்டுச் சத்தமாக ஜெபித்தாள். ஞானரத்தினமும் மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தேவநேசன் கோயிலுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனார்.