குளோசப் கஜபதி

கள்ளிக்குப்பம் டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து நகர்ந்து நிற்கிறார் கஜபதி. இடது கன்னம் நமக்கு, வலது கன்னம் சுவருக்கு. "நம்ம லெப்ட்டுதான் நைனா ஸ்கிரீனுக்குத் தோது" என்பார், யாரும் கேட்காமலே.

எண்பதுகளின் கடைசியில் ஒரு டி.வி. தொடரில் இன்ஸ்பெக்டராக வந்தார். பதின்மூன்று வாரம். அப்போது ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, இருக்கக் குவார்ட்டர்ஸ். தொடர் முடிந்தது, இன்ஸ்பெக்டர் முடியவில்லை. மீசையை அப்படியே வைத்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில்கூட இடுப்பில் கை ஊன்றி நின்றார். சலாம் போட்டவர்களும் இருந்தார்கள். அதில்தான் மனுஷன் கெட்டார்.

பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருந்த உஸ்மான் கனிக்குப் படம் எடுக்கும் ஆசை. அவரிடம் போய், "டைரக்சன் நான் பாத்துக்கிறேன்" என்றார் கஜபதி. அவர் ஒப்புக்கொண்ட மறுவாரமே கஜபதி தொழிற்சாலை வேலையை உதறினார். குவார்ட்டர்ஸும் போயிற்று. மனைவி தாட்சாயிணி சட்டி பானையோடு கள்ளிக்குப்பத்தில் எங்கள் பக்கத்துப் போர்ஷனுக்கு வந்து இறங்கினாள். "இன்னொரு வேலை தேடிக்கலாம், இன்னொரு சான்ஸ் வருமா?" என்று அவளிடமே கேட்டாராம்.

டி.வி.யில் அவர் கற்றது ஒரே பாடம்: பெட்டி சின்னது, மூஞ்சியைப் பக்கத்தில் காட்டு. அதையே சினிமாவுக்கும் கொண்டுபோனார். வானகரத்தில் ஷூட்டிங். "கேமராவ கிட்ட எட்தாந்து வையி. மூஞ்சிலதான் நடிப்பு கீது. கையி, காலெல்லாம் ஜனம் பாக்காததா?" கேமராமேன் தலையில் அடித்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை.

அம்பத்தூர்த் தியேட்டரில் நானும் பார்த்தேன். சுவர் உயரத்துக்கு ஒரு மூக்கு. அதை அடுத்து இன்னொரு மூக்கு. காதல் பாட்டில் ஆடியது யார் காலோ, கடைசிவரை தெரியவில்லை. சண்டைக் காட்சியில் முகங்கள் மாறிமாறிச் சுளித்தன. "யாரு யார அடிக்கிறான்னு சொல்லிட்டு அடிங்கடா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். மறு வெள்ளிக்கிழமை அங்கே வேறு படம்.

"தியேட்டர்ல ஸ்கிரீன ரொம்பப் பெருசா கட்டிட்டானுங்கோ" என்றார் கஜபதி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்று வருஷமாகத் தாட்சாயிணி ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துச் சோறு போடுகிறாள். இவர் உஸ்மான் கனியின் அடுத்த படத்துக்காகத் தினமும் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் உஸ்மான் கனி வந்தே விட்டார். இந்தத் தடவை டி.வி. தொடர். "டைரக்சனுக்கு வேற ஆள் போட்டாச்சு அண்ணாத்தே. கதைல வர்ற குடும்பத்துக்கே நீங்கதான் பெரியவரு. கதையே உங்களாலதான் ஓடுது. இன்னா, ஆரம்பிக்கறதுக்கு மின்னாடியே செத்துப் பூட்டீங்கோ. போட்டோ மட்டும் போதும்."

இனி டைரக்டர் நாற்காலி இல்லை என்பது அவருக்குப் புரிந்ததா, தெரியாது. "கிட்டத்துல காட்டுவாங்களா?" என்றுதான் கேட்டார்.

தாட்சாயிணி அழுதாள். "உசுரோட கீற மனுசனுக்கு மாலைய போட்டு வெளக்கேத்துவாங்களா? எனுக்குப் பயமா கீது." அவர் மசியவில்லை. "சும்மா கெட. வாராவாரம் வருவேன்டி."

நேற்று தொடரின் முதல் வாரம். அவர் அழைத்தபடியே போர்ஷன்காரர்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தோம். கதாநாயகி விளக்கேற்றிவிட்டு வெளியே போனாள். திரை முழுக்க மாலையும் பொட்டுமாகக் கஜபதி. பேச்சில்லை, இசையில்லை. தாட்சாயிணி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கஜபதி எழுந்து போய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.